தீர்ப்பு உண்டு, கூலி இல்லை

டெலிவிஷன் தொடர்களைப் பற்றி இந்த மாதிரிப் பக்கங்களில் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அதே தொடர்களில் நான்கு எபிஸோடுகளை ஒரே மூச்சில் பார்ப்பதில் இவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. பார்த்ததைப் பற்றி யோசிப்பதில்தான் ஆட்சேபணை. இன்னொரு பக்கம், அமெரிக்கத் தொடர் என்றாலே நாவலுக்கு நிகரான கலை என்று கைதட்டுகிறவர்கள். வசனத்தின் சாதுர்யம், பாத்திர வார்ப்பு, யதார்த்தம் என்று பட்டியல் போடுகிறார்கள். முதல் தரப்பு பார்க்காத மாதிரி நடிக்கிறது. இரண்டாவது தரப்பு பார்த்துவிட்டதாக நம்புகிறது. திரையில் என்ன நடக்கிறது, என்ன நடக்காமல் விடப்படுகிறது என்று கணக்கெடுக்கும் வேலையை இருவருமே செய்வதில்லை.

அந்த வேலையை ஒரு சிறு விஷயத்தில் செய்து பார்க்கலாம். அமெரிக்க மாணவர் வாழ்க்கையைச் சொல்லும் தொடர்களில் இரண்டு சம்பவங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, மாணவர் தேர்தல். மற்றது, முதல் இன்டர்ன்ஷிப்; அதாவது படிப்பு முடிவதற்கு முன்பே ஒரு பத்திரிகையிலோ கம்பெனியிலோ அரசியல்வாதியின் ஆபீஸிலோ சில வாரங்கள் செய்யும் பயிற்சி வேலை. ஓர் இளைஞன் சமூகத்துக்குள் காலெடுத்து வைக்கும் வாசல்கள் இவை. ஒன்றில் பிறரிடம் போய் ஓட்டுக் கேட்கிறான். மற்றதில் தன் உழைப்பை இன்னொருவனிடம் முதல் முறையாக ஒப்படைக்கிறான். ஓட்டும் உழைப்பும். அரசியலும் பொருளாதாரமும் என்று பெரிய பெயர் சொல்லி நாம் விவாதிப்பதெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் கிளம்புகிறது.

தொடர்கள் இந்த இரண்டு வாசல்களுக்கும் ஒரே வர்ணத்தைப் பூசிவிடுகின்றன என்பது என் குற்றச்சாட்டு. தேர்தல் வந்தால், 'என்னை எல்லோருக்கும் பிடிக்கிறதா?' என்ற கேள்வி. வேலை வந்தால், 'என்னிடம் சரக்கு இருக்கிறதா?' என்ற கேள்வி. இரண்டும் சுபாவத்தின் மீது நடத்தப்படும் பரீட்சைகளாகிவிடுகின்றன. யார் பணம், யார் உழைப்பு, யாருக்கு லாபம் என்ற மூன்று கேள்விகளும் காட்சியிலிருந்து கழன்று விழுகின்றன. நம் விமர்சகர்களும் அவற்றைக் குனிந்து எடுப்பதில்லை.

1

மோசமான உதாரணத்தை எடுத்து அடிப்பது சுலபம். அதனால் நல்ல உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 'கில்மோர் கேர்ள்ஸ்' என்ற தொடர். எமி ஷெர்மன்-பல்லடினோ உருவாக்கியது. 2000 அக்டோபர் 5-ல் ஆரம்பித்து 2007 மே 15-ல் முடிந்தது. ஏழு வருஷங்கள், 153 எபிஸோடுகள். 2016 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் நான்கு நீண்ட பாகங்களாக மறுபடியும் வந்தது. குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த நிகழ்ச்சிகள் வேண்டும் என்று பெரிய விளம்பரதாரர்கள் கூடி அமைத்த மன்றம் ஒன்று இருந்தது. இதன் முதல் ஸ்க்ரிப்டுக்கு அந்த மன்றத்தின் நிதியிலிருந்துதான் பணம் வந்தது. இதைச் சொன்ன உடனே 'பார்த்தீர்களா, வியாபாரச் சரக்கு' என்று முதல் தரப்பு நண்பர்கள் எழுந்திருப்பார்கள். உட்காருங்கள். விளம்பரதாரர் பணத்தில் பிறந்த இந்தத் தொடர், பணத்தைப் பற்றி நம் கௌரவமான நாவல்கள் பலவற்றைவிடக் கறாராகத்தான் தொடங்குகிறது.

லொரலாய் கில்மோர் பணக்காரப் பெற்றோரின் ஒரே பெண். 16 வயதில் கர்ப்பம். குழந்தையோடு வீட்டை விட்டு வெளியேறி, கனெக்டிகட்டின் ஒரு சிற்றூர் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பணிப்பெண்ணாகச் சேர்கிறாள். அங்கேயே மானேஜராக உயர்கிறாள். மகள் ரோரிக்கு 16 வயதாகும்போது ஒரு பெரிய தனியார் பள்ளியில் இடம் கிடைக்கிறது. கட்டணம் கட்டப் பணம் இல்லை. இத்தனை வருஷமாக எந்த வீட்டின் உதவியும் வேண்டாம் என்று வாழ்ந்தாளோ அந்த வீட்டின் கதவைத் தட்டுகிறாள். பணம் கிடைக்கிறது, ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் அம்மாவும் மகளும் வந்து சாப்பிட்டுப் போக வேண்டும்.

தொடரின் உருவத்தைத் தீர்மானித்தது இந்த நிபந்தனைதான். பணம் இங்கே வசனத்தில் வரும் செய்தி அல்ல, பிரசாரமும் அல்ல. வாரா வாரம் வந்து நிற்கும் சாப்பாட்டு மேசை அது. கடனுக்கான வட்டி சூப்பாகவும் ஸாலடாகவும் பரிமாறப்படுகிறது. உருவம் வேறு உள்ளடக்கம் வேறு என்று இன்னும் பிரித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த மேசையைச் சற்று நின்று பார்க்கலாம். யேல் யுனிவர்ஸிட்டிக்கு ரோரி போகும்போதும் இதே கதை. தாத்தா பாட்டியின் பணம், மறுபடியும் வெள்ளிக்கிழமை. பணத்துக்கு முகமும் மணமும் சாப்பாட்டு நேரமும் கொடுக்கத் தெரிந்தவர்கள் இதை எழுதியவர்கள். தெரியாதவர்கள் விடுவதைத் தவறு என்று சொல்லலாம். தெரிந்தவர்கள் விடுவது வேறு விஷயம்.

2

எங்கே விடுகிறார்கள்? ரோரி யேலில் படிக்கிறாள், பத்திரிகையாளராக வேண்டும் என்பது சிறு வயதுக் கனவு. அவளுடைய காதலன் லோகன், பல பத்திரிகைகளுக்குச் சொந்தக்காரரான மிட்சம் ஹன்ட்ஸ்பெர்கரின் மகன். லோகனின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இந்தப் பெண் நம் குடும்பத்துக்குச் சரிப்பட மாட்டாள் என்று அவளை வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். அதன் பின்தான் மிட்சம் தன் பத்திரிகை ஒன்றில், ஸ்டாம்ஃபோர்டில், அவளுக்கு இன்டர்ன்ஷிப் தருகிறார். கதையில் 2005-ஆம் வருஷம். அவள் ஓடி ஓடி வேலை செய்கிறாள். கேட்பதற்கு முன்பே வேண்டியதைக் கொண்டுவந்து வைக்கிறாள். சில வாரங்கள் கழித்து மிட்சம் கூப்பிட்டு உட்காரவைத்து, கனிவாகவே சொல்கிறார்: பத்திரிகையாளருக்கு வேண்டிய அந்த ஒன்று உன்னிடம் இல்லை, நல்ல உதவியாளராக வருவாய்.

அவள் உடைந்துபோகிறாள். அன்றிரவே லோகனோடு சேர்ந்து யாருடைய படகையோ எடுத்துக்கொண்டு போய் போலீஸில் மாட்டுகிறாள். யேலை விட்டு விலகுகிறாள். தாயும் மகளும் மாதக்கணக்கில் பேசிக்கொள்வதில்லை. மிட்சமின் ஒரு வாக்கியம் ஒரு வருஷத்துக் கதையை இழுத்துக்கொண்டு போகிறது.

தொடரின் ரசிகர்கள் இருபது வருஷமாக விவாதிக்கும் கேள்வி ஒன்று உண்டு: மிட்சம் சொன்னது சரியா, தப்பா? நம்மவர்களிலும் ஆங்கிலம் படித்துவிட்டு இதில் கலந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சரி என்கிறவர்கள் 2016-ல் வந்த பாகங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அதில் ரோரிக்கு 32 வயது. நிலையான வேலை கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதுகிறாள். கடைசியில் ஊருக்குத் திரும்பி ஊர்ப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். பார், மிட்சம் அன்றே சொன்னார் என்கிறார்கள்.

அவர்களிடம் ஒரு கணக்கு. ரோரி யேலில் பட்டம் வாங்குவது 2007-ல். பியூ ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்குப்படி, அமெரிக்க நாளிதழ்களின் செய்தி அறைகளில் வேலை பார்த்தவர்கள் 2008-ல் ஏறக்குறைய 71,000 பேர். 2020-ல் ஏறக்குறைய 31,000 பேர். பன்னிரண்டு வருஷத்தில் நாற்பதாயிரம் நாற்காலிகள் காலி. இந்த நாற்பதாயிரம் பேரிடமும் 'அந்த ஒன்று' திடீரென்று வற்றிவிட்டதா? விளம்பர வருமானம் இணையத்துக்குப் போனது, கம்பெனிகள் பத்திரிகைகளை வாங்கி ஆட்களைக் குறைத்தன, ஊர்ப் பத்திரிகைகள் மூடப்பட்டன. இதில் மிட்சம் மாதிரியான முதலாளிகளின் பங்கு என்ன என்று கேட்பதுதான் நியாயம். ஆனால் தொடர் முதலாளியின் வாயில் தீர்ப்பை வைக்கிறது, தொழிலாளியின் தலையில் குற்றத்தை வைக்கிறது. பிறகு ரசிகர்கள் தீர்ப்பு சரியா என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள்.

மிட்சமின் வாக்கியத்தையே திருப்பிப் பார்க்கலாம். உதவியாளர் செய்யும் வேலையைக் கொடுத்தார். அவள் உதவியாளர் வேலையை நன்றாகச் செய்தாள். பிறகு, நீ உதவியாளர்தான் என்றார். இதில் கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது? கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொல்லிவிட்டு, உனக்கு இறைக்கத்தான் தெரிகிறது, பாடத் தெரியவில்லை என்பது போல. ஆள் எப்படிப்பட்டவள் என்பதற்கு இது சாட்சி ஆகாது. அவளுக்குக் கொடுத்த வேலை எப்படிப்பட்டது என்பதற்குத்தான் சாட்சி. இந்த எளிய தர்க்கத்தை அந்த அறையில் யாரும் சொல்வதில்லை. தொடரும் சொல்வதில்லை. கூலி என்ற விஷயம் அந்தச் சில வாரங்களில் கதைப்பொருளாக ஆவதே இல்லை. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை வட்டியாகக் கணக்கெடுத்த தொடர், பத்திரிகை ஆபீஸுக்குள் நுழைந்ததும் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறது.

லொரலாயை நினைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றிய பெண்ணிடம், உனக்குப் படுக்கை விரிப்பு மாற்றும் மேதமை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. மாற்றினாள், சம்பளம் வாங்கினாள், குழந்தைக்குச் சாப்பாடு போட்டாள், மேலே போனாள். தொடர் இதைப் பெருமையாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தாய்க்குக் கூலி உண்டு, தீர்ப்பு இல்லை. ஒரு தலைமுறை தள்ளி, யேலில் படித்த மகளுக்குக் கூலியைப் பற்றிப் பேச்சில்லை, தீர்ப்பு மட்டும் உண்டு. இதைக் குடும்பத்தின் முன்னேற்றம் என்று நம்பவைப்பதுதான் இங்கே நடக்கும் மாயம்.

இன்னும் ஒன்று. படகு எடுத்த குற்றத்துக்கு நீதிமன்றம் ரோரிக்கு 300 மணி நேரச் சமூக சேவை விதிக்கிறது. அவள் குப்பை பொறுக்குகிறாள். ஒவ்வொரு மணியும் கணக்கில் ஏறுகிறது. மீதி எத்தனை என்று அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். மிட்சமின் ஆபீஸில் எத்தனை மணி உழைத்தாள்? தெரியாது. தண்டனைக்கு மணிக்கணக்கு இருக்கிறது. பயிற்சிக்கு இல்லை.

3

கதையை வழக்காக்குகிறாய், கலையைத் தொழிலாளர் கோர்ட்டுக்கு இழுக்கிறாய் என்பார்கள். கோர்ட்டுக்கு இழுத்தவன் நானல்ல. அது நடந்து முடிந்த சங்கதி.

அமெரிக்காவில் 1938-ல் வந்த நியாய உழைப்புச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. 1947-ல் ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. போர்ட்லண்ட் டெர்மினல் என்ற ரயில்வே கம்பெனி, பிரேக்மேன் வேலைக்கு வர விரும்புகிறவர்களுக்கு ஏழெட்டு நாள் கூலியில்லாமல் பயிற்சி கொடுத்தது. இவர்கள் தொழிலாளிகளா? இல்லை என்றது கோர்ட். காரணத்தையும் சொன்னது: பயிற்சிக்கு வந்தவர்களால் கம்பெனிக்கு உடனடி லாபம் எதுவும் இல்லை, அவர்கள் வேறு தொழிலாளியின் இடத்தைப் பிடிக்கவும் இல்லை. ஏழெட்டு நாள், அதுவும் கம்பெனிக்கு லாபமில்லாமல். கூலியில்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் பின்னாளில் வக்கீல்கள் தேடிக்கொண்ட நியாயம் இந்த ஏழெட்டு நாளிலிருந்து இழுத்து நீட்டப்பட்டதுதான்.

2010 ஏப்ரலில் அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆறு நிபந்தனைகளை எடுத்துச் சொன்னது. ஆறும் பொருந்தினால்தான் கூலி இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். அதே 2010-ல் 'ப்ளாக் ஸ்வான்' படம் வெளிவந்தது. பரிபூரணத்தைத் தேடித் தன்னையே அழித்துக்கொள்ளும் நடனக்காரியின் கதை. உலகம் முழுக்க 30 கோடி டாலருக்கு மேல் வசூல். அந்தப் படத்தின் தயாரிப்பில் கூலியில்லாமல் இன்டர்ன்களாக இருந்த இரண்டு பேர் 2011-ல் ஃபாக்ஸ் ஸர்ச்லைட் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். சாப்பாடு வாங்கி வந்தோம், கடுதாசி நகலெடுத்தோம், குப்பை கொட்டினோம், கணக்கு வேலை பார்த்தோம். இது பயிற்சியா என்று கேட்டார்கள். 2013 ஜூனில் நியூயார்க் நீதிபதி, இவர்கள் தொழிலாளிகளே என்றார். 2015-ல் மேல் கோர்ட் அதைத் தள்ளிவைத்து வேறு அளவுகோல் சொன்னது: இந்த உறவில் பிரதான லாபம் யாருக்கு, இன்டர்னுக்கா, முதலாளிக்கா? 2016-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2018 ஜனவரியில் தொழிலாளர் துறையும் தன் ஆறு நிபந்தனைகளைக் கைவிட்டு இந்த அளவுகோலுக்கு மாறியது. முதலாளிகளுக்கு வசதியான மாற்றம்தான், சந்தேகமில்லை. வெள்ளை மாளிகை தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது 2022-ல்தான்.

நான் சொல்ல வருவது சட்டத்தின் நல்லது கெட்டது அல்ல. கலைக்காக உயிரை விடு என்று திரையில் சொல்லும் படம், திரைக்குப் பின்னால் யாருடைய கூலியை விட்டுவிடச் சொன்னது என்ற கேள்வியை எழுப்ப இரண்டு இன்டர்ன்கள் வேண்டியிருந்தது. 'லாபம் யாருக்கு' என்ற கேள்வியை 1947-லிருந்து நீதிபதிகள் கேட்டு வருகிறார்கள். கலை நுட்பம் தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்த விமர்சகர்கள் 'அவளிடம் அது இருக்கிறதா' என்பதைத் தாண்டவில்லை. நுண்ணுணர்வு எந்தப் பக்கம் அதிகம்?

4

தேர்தலுக்கு வரலாம். கல்லூரிக்கு முன்பே, பள்ளியிலேயே, ரோரிக்கு முதல் தேர்தல். அவளுடைய போட்டியாளியான பாரிஸ் கெல்லர் மாணவர் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். பாரிஸ் கெட்டிக்காரி என்பது எல்லோருக்கும் தெரியும். பாரிஸை யாருக்கும் பிடிக்காது என்பதும் தெரியும். அதனால் எல்லோருக்கும் பிடித்த ரோரியைத் துணைத் தலைவராக இழுத்துக்கொள்கிறாள், ஜெயிக்கிறார்கள். எதற்காக ஜெயித்தார்கள், பதவியில் என்ன அதிகாரம், யார் பணத்தை யாருக்குப் பங்கு வைக்கப்போகிறார்கள்? தேர்தல் கதைக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. பிடிக்கும், பிடிக்காது. அவ்வளவுதான்.

யேலில் இன்னும் சுவாரஸ்யம். 1878-லிருந்து வரும் மாணவர் நாளிதழ் 'யேல் டெய்லி நியூஸ்'. கதையில் அதன் ஆசிரியராகிறாள் பாரிஸ். கொடுங்கோலாட்சி நடத்துகிறாள். மற்றவர்கள் பொறுக்க முடியாமல் ஓட்டுப் போட்டு அவளை இறக்கி ரோரியை ஏற்றுகிறார்கள். இனிமையானவள் வென்றாள், கடுகடுப்பானவள் தோற்றாள். நாமும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் அதே வருஷத்துக் கதையில்தான் பாரிஸின் பணக்காரக் குடும்பத்தின் சொத்து வரித் தகராறில் முடக்கப்பட்டு, அவள் முதல் முறையாகக் கூலிக்குப் பரிமாறும் வேலைக்கு வந்திருக்கிறாள். பணத்தை இழந்தவளிடமிருந்து பதவி நழுவி, பணம் எப்போதும் ஏதாவது ஒரு வழியில் வந்துவிடுகிறவளின் கையில் விழுகிறது. இரண்டு சம்பவமும் ஒரே வருஷத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் கோடு போட யாரும் துணியவில்லை. எழுதியவர்களும் துணியவில்லை, பார்த்தவர்களும் துணியவில்லை. பாரிஸின் தோல்விக்குக் காரணம் பாரிஸின் சுபாவம் என்று கோப்பு மூடப்படுகிறது.

நிஜமான அமெரிக்கக் கல்லூரித் தேர்தல்களில் சுபாவத்தைத் தவிர வேறு எதுவும் இல்லையா? விஸ்கான்ஸின் யுனிவர்ஸிட்டியின் மாடிஸன் வளாகத்தில் 1995-96-ல் ஒவ்வொரு மாணவனும் கட்டாயமாகக் கட்டிய செயல்பாட்டுக் கட்டணம் வருஷத்துக்கு 331 டாலர் 50 சென்ட். அதில் ஒரு பகுதியை மாணவர் அமைப்புகளுக்குப் பங்கிட்டது மாணவர் அரசு. எனக்கு உடன்பாடில்லாத சங்கத்துக்கு என் பணம் ஏன் என்று சட்ட மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். சுப்ரீம் கோர்ட் 2000 மார்ச்சில், 'கில்மோர் கேர்ள்ஸ்' தொடங்குவதற்கு ஏழு மாதம் முன்பு, தீர்ப்புச் சொன்னது: கட்டணம் வாங்கலாம், ஆனால் எந்தக் கருத்துக்கும் சார்பில்லாமல் பங்கிட வேண்டும். பெரும்பான்மை ஓட்டை எடுத்து ஒரு சங்கத்துக்குப் பணம் கொடுப்பதும் மறுப்பதும் சிறுபான்மைக் கருத்தை நசுக்கக்கூடும் என்ற கவலையையும் சொன்னது. ஓட்டுக்கும் பணத்துக்கும் சிறுபான்மைக்கும் உள்ள உறவு பற்றி எத்தனை நாடகங்கள் எழுதலாம் இதில்!

அலபாமா யுனிவர்ஸிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மாணவர்களின் பழைய சகோதரச் சங்கங்கள் பல ரகசியமாகக் கூடி, யார் நிற்பது யார் ஜெயிப்பது என்று பல தலைமுறைகளாகத் தீர்மானித்து வந்தன. அந்தக் கூட்டணிக்கு 'மெஷின்' என்றே பெயர். அதை எதிர்த்து நின்ற ஒரு பெண் தாக்கப்பட்ட பிறகு 1993-ல் நிர்வாகம் மாணவர் அரசையே கலைத்தது. மறுபடி வந்தது 1996-ல். அங்கே முதல் கறுப்பு மாணவர் தலைவர் க்ளியோ தாமஸ், 1976-ல். இரண்டாமவர் வர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தொன்பது வருஷம் அங்கிருந்த கறுப்பு மாணவர் யாருடைய சுபாவமும் இனிமையாக இல்லையா?

5

டெலிவிஷனின் வரம்பு இவ்வளவுதான், அரைமணி முக்கால்மணி நேரத்தில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்ற சமாதானம் எனக்கு வேண்டாம். சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

1987 முதல் 1993 வரை என்.பி.ஸி.யில் வந்த 'எ டிஃபரன்ட் வேர்ல்ட்' ஒரு ஹாஸ்யத் தொடர். பின்னணியில் சிரிப்பொலி உண்டு. ஹில்மன் என்ற கற்பனைக் கறுப்பர் கல்லூரி. 1990-ல் வந்த ஓர் எபிஸோடில், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோடு தொடர்புள்ள ஒரு கம்பெனியை எதிர்த்து மாணவர்கள் கிளம்புகிறார்கள். அவர்களில் ஒருத்தியான கிம், மருத்துவம் படிக்க ஆசைப்படும் போலீஸ்காரரின் மகள், படிப்பது அந்தக் கம்பெனி கொடுக்கும் உதவித்தொகையில். அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்பதல்ல முக்கியம். அவளுடைய படிப்புக்கு ஒரு முதலாளி உண்டு, அந்த முதலாளிக்கு வேறொரு கண்டத்தில் ஒரு வியாபாரம் உண்டு, அங்கே சாகிறவர்கள் உண்டு என்பது அரைமணி நேரத்தில், நடுநடுவே சிரிப்போடு, வந்துவிடுகிறது. சிரிப்பொலி அதைத் தடுக்கவில்லை.

2017-ல் தொடங்கிய 'டியர் வொய்ட் பீப்பிள்' இன்னொன்று. டீனின் மகன் ட்ராய், அப்பாவின் திட்டப்படி வளர்க்கப்பட்டவன், மாணவர் தலைவராக ஜெயிக்கிறான். ஜெயித்த பிறகுதான் தெரிகிறது, வளாகத்தில் கறுப்பு மாணவர்களின் விடுதியை என்ன செய்வது என்பதில் ஓட்டுப் போட்டவர்களைவிட நன்கொடை கொடுக்கும் குடும்பத்துக்குக் குரல் அதிகம் என்று. முதல் வருஷத்துக் கதையின் முடிவில் எல்லோருக்கும் பிடித்த அந்த நல்ல பிள்ளை கண்ணாடிக் கதவை உடைக்கிறான். போலீஸ் அவனை மடக்குகிறது. சுபாவம் எங்கே முடிகிறது, பணம் எங்கே ஆரம்பிக்கிறது என்ற எல்லைக்கோட்டில் அந்தக் கண்ணாடி இருக்கிறது. இந்தத் தொடரில் குறைகள் ஏராளம். பாத்திரங்கள் சில சமயம் கட்டுரை வாசிக்கிறார்கள். ஆனால் தேர்தலைத் தேர்தலாகப் பார்த்தது.

ஆக, முடியாது என்பதல்ல. வெள்ளிக்கிழமை மேசையைக் கண்டுபிடித்தவர்களால் நிச்சயம் முடியும். வேண்டாம் என்று விட்டார்கள். மூலதனம் வீட்டுக்குள் இருக்கும்வரை, பாட்டியின் அதிகாரமாக, தாத்தாவின் செக்காக இருக்கும்வரை, அதைப் பார்க்க அவர்களுக்குத் தைரியம் இருக்கிறது. அது ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது தீர்க்கதரிசியின் குரலாகிவிடுகிறது. முதலாளி பேசுகிறார் என்பது மறந்து, கலையின் கடவுள் பேசுகிறார் என்று கேட்கிறது.

6

இதெல்லாம் கனெக்டிகட் சமாச்சாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான்.

'அவனிடம் அது இல்லை' என்ற வாக்கியத்தை மிட்சமிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. சிறுபத்திரிகை வட்டத்தின் தாய்மொழியே அதுதான். யாரிடம் விஷயம் இருக்கிறது, யாரிடம் இல்லை, யார் அசல், யார் போலி என்று டீக்கடைப் பெஞ்சிலும் கூட்டம் முடிந்த பின் தெருமுனையிலும் தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. தீர்ப்பு வழங்குவதை நான் எதிர்க்கவில்லை. மதிப்பீடு இல்லாமல் விமர்சனம் இல்லை. ஒரு கவிதை கவிதையாகவில்லை என்றால் ஆகவில்லை என்று சொல்லித்தான் தீர வேண்டும். ஆனால் கவிதையில் இல்லை என்பதும் ஆளிடம் இல்லை என்பதும் ஒன்றல்ல. முதலாவதற்குப் பக்கத்தில் அச்சான வரிகள் சாட்சி. இரண்டாவதற்குச் சொல்கிறவனின் அந்தஸ்து ஒன்றுதான் சாட்சி. மிட்சமும் தன் மூக்கைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு மௌனமாகப் போன பையன் பெரும்பாலும் யார்? புரூஃப் திருத்தியவன். அச்சகத்துக்கும் பைண்டருக்கும் நடந்தவன். விலாசம் எழுதி, தலை ஒட்டி, கட்டுகளைத் தபாலாபீஸுக்குத் தூக்கிப்போனவன். கூட்டத்துக்கு நாற்காலி போட்டவன், எடுத்து அடுக்கியவன். பத்திரிகையில் அவன் பெயர் இருக்காது. இங்கே முதலாளி எங்கே, லாபம் எங்கே, கைக்காசைப் போட்டு நஷ்டத்தில் நடத்துகிறோம் என்று பதில் வரும். ஒப்புக்கொள்கிறேன். சிறுபத்திரிகையின் ஆசிரியர் மிட்சம் இல்லை. அவரும் கூலி வாங்குவதில்லை. கூலியில்லாத உழைப்பு எல்லாமே சுரண்டல் என்று சொல்ல நான் வரவில்லை. இருவரும் சேர்ந்து நஷ்டப்படுவதற்குத் தோழமை என்று பெயர். ஆனால் பணத்தில் லாபம் இல்லை என்பதால் லாபமே இல்லை என்று ஆகிவிடாது. பெயர் ஒரு லாபம். வரலாற்றில் இடம் ஒரு லாபம். தீர்ப்புச் சொல்லும் நாற்காலி ஒரு லாபம். 'பிரதான லாபம் யாருக்கு' என்று 2015-ல் நியூயார்க்கில் கேட்ட கேள்வியை நம் வட்டத்துக்குள்ளும் கேட்கலாம். ஒருவனுடைய காலை மட்டும் பல வருஷம் வாங்கிக்கொண்டு, கடைசியில் உனக்கு நடக்கத்தான் தெரியும் என்று அனுப்புவது தோழமை ஆகாது.

விமர்சனத்துக்குச் செய்ய வேண்டிய வேலை பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. தொடரோ நாவலோ, ஓர் இளம் பாத்திரத்தின் மீது தீர்ப்பு விழும் இடத்தில் நிறுத்திக் கேட்பது: இந்த அறைக்கு வாடகை யார் கொடுக்கிறார்கள்? இவளுக்கு இவர் என்ன கொடுத்தார்? இவளிடமிருந்து என்ன வாங்கினார்? அதற்குப் பிறகும் அவளிடம் 'அந்த ஒன்று' இல்லை என்று தோன்றினால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இந்த மூன்றையும் கேட்காமல் சொல்லப்படும் தீர்ப்பு மிட்சமின் தீர்ப்பு. அதை யார் சொன்னாலும், எந்தப் பத்திரிகையில் சொன்னாலும்.

மறுக்கிறவர்கள் எழுதலாம். எழுதும்போது, கடந்த இதழுக்குப் புரூஃப் பார்த்தவரின் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பினால் நல்லது.